போன கொடையில் சொன்ன வாக்கு

எங்க தெரு வேப்பமரத்துல கட்டுன குழாய் ரேடியோ நேரா முப்பிடாதி வீட்டு வாசலப் பாத்துட்டு இருந்துச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏணியப் புடுங்கிருப்பேன். சித்திரை வெயில் மண்டையப் பொளக்குது. சுடலைமாடன் கோயில்ல கால்நாட்டியாச்சு, வெள்ளிக்கிழமை கொடைத் திருவிழா. ஞாயித்துக்கிழமை அந்த முப்பிடாதிப் பிள்ளைக்கு நீட்டுப் பரிச்சை, அதுவும் ரெண்டாவது தடவை. ஏணியில நின்னவன்கிட்ட கேட்டா, "குமரகுருபரன் அண்ணாச்சி சொன்ன எடம் இதாங்க்கா"ங்கான். அண்ணாச்சிதான் கோயிலுக்குத் தலைவர், பலசரக்குக் கடை வச்சிருக்காவ. தச்சுட்டு இருந்த ஜாக்கெட்ட மெஷின்லயே போட்டுட்டு நான் கடைக்குப் போனேன்.

"ஏன் அண்ணாச்சி, அந்தக் குழாய ஆத்தப் பாத்துத் திருப்புனா என்ன? பிள்ளை படிக்கால்லா."

"ஆத்துல யாரு இருக்கா பாத்திமா, பாட்டுக் கேக்கதுக்கு? மீனா கோயிலுக்கு வரி குடுக்கு?"

"மீனு வரியும் குடுக்காது, பரிச்சையும் எழுதாது. திருப்பச் சொல்லுங்க."

அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே யாருக்கோ புளி நிறுத்தாவ. "போன வருசமும் இதே சத்தத்துலதான படிச்சா. மாடனே நேர்ல வந்து வாக்குக் குடுத்து..."ன்னு ஆரம்பிச்சவுக பாதியில முழுங்கிட்டாவ. பெறவு என் மூஞ்சியப் பாக்காமலே, "சரி, திருப்பச் சொல்லுதேன், நீ போ"ன்னாவ. சொன்னபடி திருப்பவும் செஞ்சாவ. இப்பம் அது எங்க வீட்டப் பாத்துப் பாடுது.

அவுக முழுங்குனத நான் சொல்லிருதேன். முப்பிடாதிக்க அப்பா சங்கிலிபூதத்தான் அண்ணன் எங்க பக்கத்து வீடு. வாழை இலை அறுக்குத வேலை. விடியுமுன்ன தோட்டத்துல நின்னு அறுத்து, கட்டுப் போட்டு, காலம்பற பஸ்ஸுல திருநேலி மார்க்கெட்டுக்கு ஏத்தி விடுவாவ. சட்டை வேட்டி எல்லாம் வாழைக்கறை. சத்தமாப் பேசத் தெரியாது. கடையில மீதிச் சில்லறை கொறைஞ்சாக் கூடக் கேக்காம வந்துருவாவ. ஆனா வருசத்துக்கு ஒருக்கா கொடையில மாடனுக்கு ஆடுதது அவுகதான். அவுக அப்பாவுக்குப் பெறவு அவுக மேலதான் சாமி வரும். இடுப்புல கச்சை கட்டி, சல்லடக் கால்சட்டை மாட்டி, கையில ஈட்டி மாதிரி வல்லயக்கம்பு எடுத்து, கூத்துக்காரக் கணியான் மகுடப் பறைய அடிக்க ஆரம்பிச்சா எனக்கே அடையாளம் தெரியாது. துண்ணூறு பூசி வாக்குச் சொல்லுவாவ. கல்யாணம் எப்பம், காணாமப்போன மாடு எங்கன, கேஸு என்னாவும், எல்லாத்தையும் சனம் அங்கன நின்னு கேக்கும்.

நான் வாக்குக் கேக்க நிக்க மாட்டேன். எங்க வழக்கத்துல அது கிடையாது. ஆனா மாடனுக்குச் சல்லடமும் கச்சையும் தைக்கது எங்க வீட்லதான், எங்க வாப்பா காலத்துல இருந்து. செவப்பு வெல்வெட்டுல ஜிகினா வச்சுத் தச்சுக் குடுத்துட்டு, கூட்டத்துக்கு வெளிய நின்னு பாப்பேன். நம்ம தையல் எங்கயாவது விடுதான்னு பாக்கணும்லா.

போன வருசம் மத்தியானத்து உச்சிக்கொடையில முப்பிடாதி முன்னால மாடன் வந்து நின்னான். நெத்தி நெறையத் துண்ணூறு பூசி, ஊரே கேக்க, "தாயி, ஒனக்கு டாக்டர் சீட்டு நான் வாங்கித் தாரேன். அடுத்த கொடைக்கு நீ கோட்டு மாட்டிட்டு வந்து என் முன்னால நிப்பே. போ"ன்னுச்சு சாமி. பொம்பளைய எல்லாம் குலவை போட்டாளுவ. முப்பிடாதிக்க அம்மை பிரம்மநாயகி அங்கனயே விழுந்து கும்புட்டா. ரிசல்ட்டு வந்துச்சு, சீட்டு வரல. அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குன்னு தனியா ஒதுக்குன எடத்துலயும் கொஞ்சத்துல போச்சு.

பெறவு ஊரு சும்மா இருக்குமா? டீக்கடையில வச்சு ஒருத்தன், "மாடன் வாக்கு பொய்க்காது வே. அப்பம் பேசுனது மாடன் இல்ல, பெத்த அப்பன்"னான். இன்னொருத்தன், "எனக்குச் சொன்னதும் இப்பிடித்தான் இருக்குமோ"ன்னான். அண்ணன் அங்கனதான் கிளாஸக் கையில வச்சுட்டு நின்னுருக்காவ. டீயக் குடிக்காம வந்துட்டாவ. அதுல இருந்து அப்பனும் மகளும் ஒழுங்காப் பேசிக்கிட்டதில்ல. சோறு வைக்கட்டா, வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு, அம்புட்டுத்தான்.

செவ்வாக்கிழமை அண்ணனுக்குக் காப்புக் கட்டியாச்சு. மஞ்சத் துண்டு கோத்த கயிறு, வலது கையில. எங்க ஊர்ல காப்புக் கட்டுன சாமியாடி ஊர் எல்லை தாண்டப்படாது. கொடைக்குப் பெறவு எட்டாம் நாள் பூசை முடிஞ்சு காப்ப அவுக்குத வரைக்கும் அப்பிடித்தான். எல்லைன்னா ஓடைப்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கந்தான் பஸ் நிக்கும். அதனால அண்ணன் இலைக்கட்டப் பாலம் வரைக்கும் சொமந்துட்டு வந்து வைப்பாவ, அவுக தம்பி எடுத்துட்டுப் போயி பஸ்ஸுல ஏத்துவான். படுக்கை கோயில்ல, சாப்பாடு ஒரு நேரம், அதுவும் தானே பொங்கித் திங்கணும். பரிச்சைக்கு மகளக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு அப்பமே தெரிஞ்சு போச்சு. "நான் போறேன் அண்ணே, பாளையங்கோட்டை எனக்கு வெரல் நுனி"ன்னு சொல்லிட்டேன். அங்கன ரெண்டு தடவைதான் போயிருக்கேன், அது வேற விசயம்.

முப்பிடாதி படிக்கது எங்க வீட்டுப் பின்கட்டுல. குழாய் எங்க வீட்டப் பாத்துப் பாடுனாலும் பின்கட்டுல சத்தம் கொஞ்சம் கம்மி. மெஷின் சத்தம் அவளுக்குப் பழகிப்போச்சு. ஆனா அந்தக் கடைசி வாரம் பிள்ளை ஒரு எடத்துல இருக்கல. எந்திரிப்பா, புறவாசல்ல போயி மூஞ்சியக் கழுவுவா, வந்து உக்காருவா, எழுதி முடிச்ச மாதிரித் தேர்வுத் தாளையே திரும்ப எடுப்பா, மூடுவா. கரண்டு வேற போயிப் போயி வருது. மேக்க மலைப் பக்கம் மேகம் கூடும், புழுங்கும், ஒரு சொட்டு விழாது. அந்தப் புழுக்கத்துல கோயில்ல எவனாவது மகுடத்த ஒரு தட்டுத் தட்டிப் பாத்தா பிள்ளைக்குத் தோள் தூக்கிப்போடும்.

அவ அம்மை பிரம்மு மைனி பீடித்தட்ட மடியில வச்சுக்கிட்டே வாசப்படியில வந்து உக்காருவா. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். தூள வச்சு இலையச் சுருட்டி நூலச் சுத்திக் கீழ போடுத வரைக்கும் கண்ணு மக மேலதான்.

"ஏட்டி, உளுந்தங்களி கிண்டிருக்கேன். நல்லெண்ண விட்டு ரெண்டு உருண்டை தின்னு."

"பசிக்கல."

"அப்பம் கஞ்சி குடி."

"எம்மா, என்னய விடு."

"நான் எங்கட்டி விடாம இருக்கேன். திங்காமப் போயி அங்கன மயங்கி விழுந்தா ஆரு தூக்குவா? இந்தா மைனி, நீயாவது சொல்லு."

"களிய இங்கன வை மைனி. நான் திம்பேன். அத வயித்தெரிச்சலோட பாத்துட்டு அவளும் திம்பா"ன்னேன். அப்பிடியே நடந்துச்சு. முக்காவாசி நான் தின்னேன்.

புதன்கிழமை மத்தியானம் அவளுக்குச் சுடிதார் அளவு பாத்தேன். பரிச்சைக்குன்னு தனியாத் தச்சது. முழுக்கை இருக்கப்படாது, பெரிய பட்டன் இருக்கப்படாது, ஜிகினா கூடாது, இரும்புக் கொக்கி கூடாது. வெளிர் நீலத்துல மொட்டையா ஒண்ணு தச்சு வச்சிருந்தேன். மெஷினுக்கு இந்தப் பக்கம் மாடனோட செவப்புச் சல்லடம் கெடக்கு, அந்தப் பக்கம் இது. பிள்ளைய நிக்க வச்சு இடுப்புல பின்னு குத்திட்டு இருந்தேன். பரிச்சைக்கு இன்னும் எத்தனை மணி நேரம்னு எண்ணிச் சொல்லுதா அவ.

"ஏன்ட்டி இம்புட்டுப் பயம்? போன தடவை கொஞ்சத்துலதான போச்சு. இந்தத் தடவை அந்தக் கொஞ்சத்த எடுக்க மாட்டியா?"

"அத்தே, போன வருசம் எப்பிடிப் போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது."

"கஷ்டமா வந்துச்சுன்னுதான சொன்ன."

"கஷ்டந்தான். ஆனா தெரிஞ்சத மட்டும் போட்டுட்டு வந்திருந்தாச் சீட்டு கெடைச்சிருக்கும். விடை வந்த பெறவு வச்சுப் பாத்தேன். அதுல தப்பாப் போட்டா இருக்க மார்க்குலயும் புடிச்சிருவான். தொடாம விட்டுட்டா ஒண்ணும் செய்ய மாட்டான். எங்க சாரு படிச்சுப் படிச்சுச் சொன்னாவ, தெரியாதத விட்டுருங்கன்னு."

"பெறவு?"

"நான் ஒண்ணையும் விடல. தெரியாத கேள்வி வரும்போதெல்லாம் கண்ண மூடி மாடன நெனச்சேன். விடைத்தாள்ல கை எந்த வட்டத்துல போயி நிக்கோ அங்கன மையால கருப்பாக்கிட்டேன். சாமி வாங்கித் தாரேன்னு சொல்லிருக்குல்லா, அப்பம் என் கைய நகத்தும்லா. விட்டா சாமிய நம்பாத மாதிரி ஆயிரும்னு நெனச்சேன் அத்தே. சந்தோசமாப் போட்டேன், எல்லாத்தையும்."

எனக்கு வாயில பின்னு. புறவாசல் பக்கம் ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பாத்தா அண்ணன். கையில ரெண்டு இளநீ. மகளுக்குச் சூட்டுக்குக் குடிக்கட்டும்னு தோட்டத்துல இருந்து வெட்டிட்டு வந்திருக்காவ. மொத்தத்தையும் கேட்டுட்டாவன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

முப்பிடாதியும் பாத்தா. அழுவான்னு நெனச்சேன், அழல.

"கேட்டுட்டீங்கல்லா. நல்லது. அப்பா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குப் பேசுனது சாமியா, நீங்களா?"

அண்ணன் இளநீயக் கீழ வைக்கவும் இல்ல, உள்ள வரவும் இல்ல. "கச்சை கட்டுன பெறவு நடக்கது பாதி ஓர்மை இருக்கும் தாயி. பாதி இருக்காது."

"இது எந்தப் பாதி?"

இளநீய நிலைப்படி ஓரமா வச்சுட்டு, துண்டால வாயப் பொத்திக்கிட்டு அண்ணன் போயிட்டாவ. அதுக்குப் பெறவுதான் பிள்ளை அழுதா. எனக்கு அவளக் கெட்டிப்பிடிச்சுக்கிடணும்னு இருந்துச்சு. பின்னு குத்தும்னு அப்பிடியே முதுகத் தடவிட்டு நின்னேன்.

மறுநாள் சல்லடத்த வாங்கிட்டுப் போக அண்ணாச்சி வந்தாவ, பின்னாலயே சங்கிலி அண்ணன். எங்க வீட்டு நடையில வச்சே பேச்சு தொடங்கிருச்சு.

"அண்ணாச்சி, இந்த வருசம் என்னய விட்டுருங்க"ன்னாவ அண்ணன்.

"காப்புக் கட்டி ரெண்டு நாளாச்சு வே. இப்பம் போயி விட்டுருங்கன்னா? வெளையாட்டா இது?"

"அப்பம் ஆடுதேன். வாக்குச் சொல்ல மாட்டேன்."

"வாக்குச் சொல்லாத மாடன எந்த ஊர்லயாவது பாத்திருக்கீரா? சனம் அதுக்குத்தான வருது." அண்ணாச்சி குரலத் தாழ்த்துனாவ. "நான் ஒம்ம நல்லதுக்குச் சொல்லுதேன். ஊர்ல என்ன பேசுதாவன்னு ஒமக்கே தெரியும். பிள்ளை இந்த வருசம் நல்லாப் படிச்சிருக்கான்னு பாத்திமாவும் சொல்லுதா. உச்சிக்கொடையில வச்சுச் சீட்டு உண்டுன்னு சொல்லிரும். அவளும் வாங்கிருவா. எல்லாவன் வாயும் அடைஞ்சு போவும். போன வருசம் சொன்னது ஒரு வருசம் தள்ளிப் பலிச்சுதுன்னு ஆயிரும்லா."

"யாரு சொல்லணும் அண்ணாச்சி? நானா, மாடனா?"

அண்ணாச்சி சல்லடத்தத் திருப்பித் திருப்பித் தையலப் பாத்தாவ. என் தையல்ல என்ன இருக்கு பாக்கதுக்கு? கடைசியில, "நேரத்தோட கோயிலுக்கு வாரும்"னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுட்டாவ.

அண்ணன் அங்கனயே நின்னாவ. என்கிட்ட ஏதோ கேக்க வந்த மாதிரி இருந்துச்சு. "பிள்ளை சாப்ட்டாளாம்மா?"ன்னாவ. "ம்"னேன். போயிட்டாவ. நான் அன்னைக்குத் தொழுகையில அந்த வீட்டுக்குத்தான் துஆ கேட்டேன். அப்பனுக்கா மகளுக்கான்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல.

வெள்ளிக்கிழமை காலையில ஆத்துல இருந்து மேளத்தோட தீர்த்தம் வந்துச்சு. தெரு பூரா மஞ்சத் தண்ணி. பிரம்மு மைனி தலைக்குக் குளிச்சு, பூ வச்சு, மக முன்னால வந்து நின்னா. அன்னைக்குப் பீடித்தட்டு தொடல.

"ஏட்டி, கெளம்பு. துண்ணூறு வாங்கிட்டு வந்து படி."

"நான் வரல."

"பரிச்சைக்குப் போற பிள்ளை, அப்பன் மேல வந்த சாமிகிட்டத் துண்ணூறு வாங்காமப் போவியா? ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"ஊருதான் எனக்குப் பதிலாப் போயி எழுதப் போகுதா? வரலம்மா. அங்கன நின்னா எனக்குப் படிச்சது எல்லாம் மறந்துபோவுது."

"சாமிய நம்பாம..."

"நம்பித்தான் போன வருசம் போச்சு."

மைனி கைய ஓங்கிட்டா. அடிக்கல. ஓங்குன கையாலயே மூக்கத் தொடச்சுட்டு, என்னையப் பாக்காம ஒத்தையாக் கோயிலுக்குப் போனா. எனக்கு ரெண்டு பேரு மேலயும் பாவமா இருந்துச்சு. நானும் கதவச் சாத்திட்டு, "பின்கட்டுல இருந்து படி"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்.

வெயில்னா அப்பிடி ஒரு வெயில். சாமிக்குப் படைச்ச படப்புல பழம் எல்லாம் வெந்து வாசம் அடிக்குது. கணியான் மகுடத்தச் சூடு காட்டி அடிக்க ஆரம்பிச்சாச்சு. அண்ணன் என் சல்லடத்தப் போட்டுட்டு நிக்காவ, நிக்காவ, சாமி வரல. மகுடம் ஏறுது, எறங்குது, மறுபடியும் ஏறுது. சனம் ஒருத்தர ஒருத்தர் பாக்கு. "இந்த வருசம் மாடன் கைவிட்டுட்டான்"னு எனக்குப் பக்கத்துல ஒருத்தி முணுமுணுக்கா. அப்பந்தான் அண்ணன் ஒடம்பு ஒரு உலுக்கு உலுக்குச்சு. வல்லயத்தப் பிடுங்கிட்டு ஆடுனாவ பாருங்க, புழுதி கெளம்பிருச்சு.

திரும்பிப் பாத்தா எம் பின்னால முப்பிடாதி நிக்கா. வீட்டுத் துணியோட, கையில புத்தகத்துக்குள்ள வெரல வச்சுக்கிட்டு.

"வர மாட்டேன்னியே."

"அங்கனயும் இருக்க முடியல அத்தே. அடிக்கது நெஞ்சுக்குள்ள கேக்கு. இங்கன ஒங்க கூட நிக்கேன். வரிசைக்குப் போக மாட்டேன்."

வரிசையில நின்னவங்களுக்குத் துண்ணூறு பூசிக்கிட்டே சாமி வந்துச்சு. யாருக்கும் பெருசா வாக்குச் சொல்லல. "போ", "நல்லாரு", அம்புட்டுத்தான். கேட்டவங்களுக்கும் அதே. வரிசை முடிஞ்சுது. முடிஞ்ச எடத்துல நிக்காம, வல்லயத்த ஊனிக்கிட்டு நாங்க நிக்குத பக்கம் வந்துச்சு. கூட்டம் வழி விட்டு ஒதுங்குச்சு. நானும் ஒதுங்கப் பாத்தேன், பிள்ளை என் முந்தானையப் பிடிச்சுட்டு விடல.

சாமி அவ முன்னால நின்னுச்சு. மகுடத்த நிப்பாட்டிட்டாவ. வேர்வை கன்னத்துல இருந்து சொட்டுது, மூச்சு எனக்குக் கேக்கு. குமரகுருபரன் அண்ணாச்சி கையக் கூப்பிக்கிட்டு முன்னால வந்து, "சாமி, பிள்ளை பரிச்சைக்குப் போறா. சீட்டு உண்டுன்னு ஒரு நல்ல வாக்குச் சொல்லணும்"னாவ. பிரம்மு மைனி ஓடி வந்து பக்கத்துல நின்னுட்டா. ஊரே வாயப் பாத்துட்டு இருக்கு. எனக்கு அண்ணன் மேல கோவம் வந்துச்சு, இன்னொருக்கா சொல்லித் தொலைச்சிராதீங்கன்னு மனசுக்குள்ள கத்துதேன்.

"எனக்குத் தெரியாது"ன்னுச்சு சாமி.

அண்ணாச்சிக்குக் காது கேக்காத மாதிரி ஆயிருச்சு. "சாமி?"

"சீட்டு உண்டா இல்லையான்னு எனக்குத் தெரியாது." ஊரே கேக்கத்தான் சொல்லுச்சு, போன வருசம் சொன்ன அதே குரல்ல. பெறவு பிள்ளையப் பாத்துக் குரல் எறங்குச்சு. "தாயி, தெரிஞ்சதப் போடு. தெரியாதத விட்டுரு. எம் பேரச் சொல்லி ஒண்ணையும் தொடாத."

சாமி துண்ணூற அள்ளுச்சு, பாதி கீழ கொட்டுது. முப்பிடாதி என் முந்தானைய விட்டா. நிமிந்து அந்த மூஞ்சியப் பாத்தா. பெறவு தலையக் குனிஞ்சு நெத்தியக் காட்டுனா.

குலவை போட ஒருத்தியும் இல்ல. "மாடனுக்கே தெரியாதாம்லா"ன்னு ஒருத்தன் சிரிச்சான். இன்னொருத்தன், "சங்கிலி சோலி முடிஞ்சுது. இனிமே இவன்கிட்ட எவன் வாக்குக் கேப்பான்"னான். அண்ணாச்சி மூஞ்சியில ஈயாடல. குரல் மாடன் குரல்தான். கண்ணு எங்க அண்ணன் கண்ணு மாதிரித்தான் எனக்கு இருந்துச்சு. ஆனா வெயில்ல நின்னு பாத்தது, நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

சனிக்கிழமை பிள்ளை எங்க பின்கட்டுல அசையாம இருந்து படிச்சா. மகுடம் கேட்டுச்சு, அவ தோள் அசையல. மத்தியானம் கூட்டாஞ்சோறு ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னா. மைனி அதப் பாத்துட்டுப் பீடி சுத்துததையே மறந்துட்டா. அப்பாவப் பத்தி ஒரு வார்த்தை யாரும் பேசல. டீக்கடையில பேசுனாவ, நல்லாவே பேசுனாவ. அண்ணன் கோயிலை விட்டு வெளிய வரல.

ஞாயித்துக்கிழமை நானும் மைனியும் கூட்டிட்டுப் போனோம். பாளையங்கோட்டையில அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியாம நான் நாலு பேர்கிட்டக் கேட்டேன். மைனி ஒரு பார்வை பாத்தா. வாசல்ல கூட்டமான கூட்டம். ஒரு அப்பா திருச்செந்தூர் பன்னீர் இலையில துண்ணூறு கொண்டு வந்து மகனுக்குப் பூசுதாரு. ஒரு பிள்ளைக்குத் தோடு கழற வராம, அவ அம்மை சோப்புத் தண்ணி வச்சு இழுக்கா. எங்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. நான் தச்ச சுடிதாரத் தடவிப் பாத்துட்டு உள்ள விட்டுட்டாவ. தலைமுடிக் கிளிப்ப மட்டும் கழத்தி மைனி கையில குடுத்துட்டுப் போனா. மைனி சாயங்காலம் வரைக்கும் அதக் கையில வச்சு மூடிக்கிட்டே இருந்தா.

ரோட்டோரத்துல ஒரு வாகை மரத்தடியில உக்காந்திருந்தோம். அங்கன இருந்த அம்மையும் அப்பனும் யாரும் உக்காந்த எடத்துல உக்காரல. எந்திரிக்கதும் கேட்டப் பாக்கதும் தண்ணி குடிக்கதுமா இருந்தாவ. "மைனி, அவ எல்லாத்தையும் போட்டுருவாளோ"ன்னு ஒருக்கா கேட்டா பிரம்மு. அப்பந்தான் எனக்குத் தெரிஞ்சுது, போன வருசக் கதைய மக அவகிட்டயும் சொல்லிட்டான்னு. "போட மாட்டா"ன்னேன். சொல்லிட்டு நானும் எந்திரிச்சுப் போயி கேட்டப் பாத்துட்டு வந்தேன்.

பிள்ளை கடைசிக் கூட்டத்தோட வெளிய வந்தா. மூஞ்சியப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. மைனி கிளிப்ப நீட்டுனா. "பசிக்கு"ன்னா அவ. கொண்டுபோயிருந்த புளிச்சோற நின்னுக்கிட்டே தின்னா. பஸ்ஸுல ஏறுனதும் அம்மை தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. சேரன்மாதேவி தாண்டும்போது மழை புடிச்சுது, நல்ல மழை. எறங்கும்போது தூத்தலாப் போச்சு.

ஓடைப்பாலத்துக்கு ஊர்ப் பக்கம் அண்ணன் நிக்காவ. எல்லையில சரியா, பாலத்துக் கல்லுக்கு உள்ள. மழையில முழுக்க நனைஞ்சு, தலையில ஒரு வாழை இலைய வச்சுக்கிட்டு. எம்புட்டு நேரமா நின்னாவன்னு தெரியல. எங்களப் பாத்ததும் ஒரு அடி முன்னால வச்சாவ, கல்லப் பாத்துட்டுப் பின்னால இழுத்துக்கிட்டாவ. முப்பிடாதி எங்கள விட்டுட்டு வெரசாப் பாலத்தத் தாண்டிப் போயி அப்பா முன்னால நின்னா.

"சாப்ட்டியா தாயி?"

"ம். புளிச்சோறு."

அண்ணன் தலைய ஆட்டுனாவ. பரிச்சையப் பத்தி அவளாத்தான் சொன்னா.

"நெறைய விட்டுட்டேம்ப்பா. தெரியாதது ஒண்ணையும் தொடல."

அண்ணன் இலையத் தலையில இருந்து எடுத்தாவ. மூஞ்சியில இருந்தது மழையா என்னன்னு நான் பாக்கல, மைனி பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

"அப்பா, வெள்ளிக்கிழமை பேசுனது சாமியா, நீங்களா?"

அண்ணன் கையில இருந்த காப்ப உருட்டிக்கிட்டே நின்னாவ.

"தெரியலையே தாயி."

"அப்பம் அத விட்டுருங்க"ன்னு சொல்லிட்டு, பையத் தூக்கி அப்பா கையில குடுத்துட்டு, அவ வீட்டப் பாக்க நடந்தா.